கூழில் கிடந்த நண்டா, லாச்சியில் கிடந்த குளிசையா?

நான் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளன். இருபத்தாறு வருடமாக யாழ்ப்பாணத்தில் அடுத்தவர் கையில் ஊசி குத்தி இரத்தம் எடுப்பதும், அதை இயந்திரத்தில் போட்டு இலக்கம் எழுதிக் கொடுப்பதும்தான் பிழைப்பு. முதலில் அரச வைத்தியசாலை, இப்போது ஒரு தனியார் ஆய்வுகூடம். இங்கே எழுதப்போகும் ஒவ்வாமை நிகழ்வில் எல்லோரையும் ஒன்பது மாதம் பிழையான பாதையில் நடக்க வைத்த இரத்த மாதிரிக் குழாய்க்கு லேபல் ஒட்டியவனே நான்தான், அதனால்தான் இதை எழுத வேண்டும் என்று இருந்தது. சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு, ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களைக் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணுக்கு 44 வயது. மானிப்பாய்ப் பக்கம் வீட்டோடு தையல் வேலை. ஆஸ்துமா இல்லை, மூக்கில் சதை வளர்ச்சி இல்லை, அடிக்கடி தடிப்பு வருகிற உடம்பும் இல்லை. இந்த மூன்று "இல்லை"யையும் ஞாபகம் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

முதல் தடவை

ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் ஒடியற்கூழ். கூழ் என்றால் தெரியும்தானே, ஒடியல் மாவோடு நண்டு, இறால், மீன், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் ஒரே சட்டியில் கொதிக்கும். ஒவ்வாமைக்குக் காரணம் தேடுகிறவனுக்கு இதைவிடச் சோதனையான சாப்பாடு உலகத்தில் கிடையாது. மத்தியானம் ஒரு மணியளவில் எல்லோரும் குடித்தார்கள். எவருக்கும் ஒன்றும் இல்லை. பின்னேரம் மூன்று மணிக்கு, இரண்டு நாளாக விடாமல் இருந்த நாரிப்பிடிப்புக்கு, மேசை லாச்சியில் கிடந்த டைக்ளோஃபெனாக் 50 மில்லிகிராம் வலிக்குளிசை (மாத்திரை) ஒன்றைப் போட்டுக்கொண்டு திரும்பவும் மெசினில் இருந்தார்.

இருபது நிமிடத்தில் உள்ளங்கை அரித்துக் கடிக்கத் தொடங்கியது. பிறகு தலை, அக்குள், அப்புறம் உடம்பு முழுக்கத் திட்டுத்திட்டாகத் தடிப்பு. உதடும் ஒரு கண்ணும் வீங்கிவிட்டன. தண்ணீர் குடிக்க எழும்பியவர் கதவடியிலேயே தலை சுற்றி விழப்பார்த்தார். ஆட்டோ பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது இரத்த அழுத்தம் 84/50. குளோர்பெனிரமின், ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசிகள், சேலைன், ஒரு இரவு கட்டில். அட்ரினலின் கொடுத்ததாகக் குறிப்பில் இல்லை, அழுத்தம் அப்படி விழுந்த ஆளுக்கு முதலில் ஏற வேண்டிய ஊசி அதுதான். அடுத்த நாள் காலை தடிப்பு வற்றிவிட்டது, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். துண்டில் "கடலுணவு ஒவ்வாமையாக இருக்கலாம்" என்று எழுதியிருந்தது.

இது எப்படி நடந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். வாசலில் கேட்கப்பட்ட கேள்வி "என்ன சாப்பிட்டனீங்கள்?" என்பது. எங்கள் ஊர்ப் பேச்சில் அந்தச் சொல்லுக்குள் குளிசை வராது. குளிசை "போடுகிற" சாமான், சாப்பிடுகிற சாமான் இல்லை. கேள்விக்குச் சரியான பதிலைத்தான் குடும்பம் சொன்னது: நண்டு. யாராவது "கடைசி ஒரு மணித்தியாலத்துக்குள்ளை வாயிலை என்ன போட்டனீங்கள்?" என்று கேட்டிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். நண்டு உள்ளே போய் இரண்டரை மணித்தியாலம், குளிசை போய் இருபது நிமிடம். ஆனால் "எத்தினையோ தரம் போட்ட குளிசைதானே" என்று அவரே அதைக் கணக்கில் எடுக்கவில்லை. நிறையப் பேர் தடுக்கி விழுகிற இடம் இதுதான். உடம்பு ஒரு மருந்துக்கு எதிராகப் பழக வேண்டுமென்றால் அந்த மருந்து முன்னரே உள்ளே போயிருக்க வேண்டும், அதனால் முன்பு சும்மா போட்ட குளிசை இன்றைக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது முரண் இல்லை, பெரும்பாலும் அப்படித்தான் வரும்.

நான் எடுத்த இரத்தம்

மூன்று வாரம் கழித்து ஒரு துண்டோடு எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தார். மொத்த ஐ.ஜி.ஈ (ஒவ்வாமையில் உடம்பு செய்கிற எதிர்ப்புப் புரதம்), ஈயோசினோபில் (ஒரு வகை வெள்ளையணு) எண்ணிக்கை, உணவு மற்றும் தூசு ஒவ்வாமைப் பட்டியல் சோதனை. தையல் கூலியில் சேர்த்து வைத்த காசு, எண்ணித்தான் தந்தார்.

முடிவு வந்தது. மொத்த ஐ.ஜி.ஈ 386, எங்கள் தாளில் மேல் எல்லை 100. ஈயோசினோபில் 7 வீதம். இறாலுக்கு 2.1, நண்டுக்கு 1.4, வீட்டுத் தூசு உண்ணிக்கு 18. தாளில் மூன்று இடத்தில் தடித்த எழுத்து. அதைப் பார்த்தால் யாருக்கும் "பிடிபட்டுவிட்டது" என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது, மறைக்க என்ன இருக்கிறது.

இப்போது அந்தத் தாளை ஆறுதலாக வாசிப்போம். மொத்த ஐ.ஜி.ஈ உயர்ந்திருப்பது எங்கள் மாதிரி வெப்ப நாட்டில் பெரிய செய்தி இல்லை. தூசு உண்ணி போதும், சின்ன வயதில் வந்த புழு போதும். ஈயோசினோபிலும் அப்படியே. இறாலுக்கும் நண்டுக்கும் வந்த சிறிய இலக்கங்களுக்கு இன்னொரு விளக்கம் இருக்கிறது: ட்ரோபோமயோசின் என்ற தசைப் புரதம் இறால், நண்டு, கரப்பான், தூசு உண்ணி எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், எனவே உண்ணிக்கு எதிராக உடம்பு செய்த ஐ.ஜி.ஈ இறாலிலும் போய் ஒட்டிக்கொள்ளலாம். ஐ.ஜி.ஈ இருப்பது ஒன்று, சாப்பிட்டால் நோய் வருவது இன்னொன்று. நாற்பது வருடமாக நண்டுக்கறி தின்ற உடம்பு அது.

தாளில் இல்லாதது எது? டைக்ளோஃபெனாக். அதை யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் என்னால் செய்து கொடுத்திருக்க முடியாது. பென்சிலின், அமொக்சிசிலின் மாதிரிச் சில மருந்துகளுக்கு ஐ.ஜி.ஈ சோதனை விற்பனையில் இருக்கிறது. வலியும் வீக்கமும் குறைக்கிற இந்தக் குளிசைக் கூட்டத்துக்கு, அதாவது டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், மெஃபனமிக் அசிட், அஸ்பிரின் வகையறாவுக்கு, நம்பிப் பாவிக்கக்கூடிய ஒன்று இல்லை. டைக்ளோஃபெனாக் மூலக்கூறு ஐ.ஜி.ஈ பிடிக்கிற அளவுக்குப் பெரிது இல்லை. உடம்புக்குள் போய் ஏதாவது ஒரு புரதத்தில் ஒட்டிய பிறகுதான் எதிரியாகத் தெரியும், அல்லது ஈரல் அதை உடைத்து உண்டாக்குகிற துணைப்பொருள்தான் எதிரியோ என்னவோ. டைக்ளோஃபெனாக்கால் சரிந்து விழுந்தவர்களின் இரத்தத்திலேயே அதற்கான ஐ.ஜி.ஈ-யைத் தேடிய ஆய்வாளர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்பியிருக்கிறார்கள்.

ஆக, நாங்கள் தேட வேண்டியதைத் தேடவில்லை, தேடியதில் கிடைத்ததை விடை என்று எடுத்துக்கொண்டோம். அவர் கடலுணவை விட்டார். யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் கடலுணவை விடுவது என்றால் என்னவென்று வெளியூர்க்காரருக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. சட்டி வேறு, அகப்பை வேறு, கலியாண வீட்டுக்குப் போனால் ஒவ்வொரு கறியாக விசாரணை. ஒன்பது மாதம்.

நல்லூர்க் கொடி

இரண்டாம் தடவை நடந்தது நல்லூர்த் திருவிழாவின்போது. கொடியேறிய நாளிலிருந்து இருபத்தைந்து நாளும் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் கிடையாது, சட்டி கழுவிக் கவிழ்த்தாயிற்று. காலையில் வீதியில் அடி அழித்துவிட்டு (விழுந்து விழுந்து கும்பிட்டு) வந்தவருக்கு முழங்காலும் நாரியும் விட்டுவிட்டன. திருச்சியிலிருந்து விழாவுக்கு வந்திருந்த சொந்தக்காரப் பெண் "இது நல்ல குளிசை" என்று தன் கைப்பையிலிருந்து ஒன்றைக் கொடுத்தார். பதினைந்து நிமிடம் கூட இல்லை. அதே உள்ளங்கைக் கடி, அதே தடிப்பு, இந்தத் தடவை தொண்டை அடைத்துக் குரல் மாறி, இரண்டு தரம் சத்தி (வாந்தி). வைத்தியசாலையில் உடனே தொடையில் அட்ரினலின் 0.5 மில்லிகிராம் போட்டார்கள், பத்து நிமிடத்தில் குரல் திரும்பியது.

அங்கே கடமையில் இருந்த இளம் டொக்டர் பிள்ளை இரண்டு வேலை செய்தார், இரண்டுக்கும் நான் கை எடுத்துக் கும்பிடுவேன். ஒன்று, குளிசைப் பட்டையைக் கொண்டு வரச் சொன்னார். மற்றது, தொடங்கி ஒன்றேகால் மணித்தியாலத்தில் ஒரு குழாய் இரத்தம் எடுத்து, எடுத்த நேரத்தையும் எழுதி, சீரத்தைப் பிரித்துக் குளிரில் வைக்கச் சொன்னார். ட்ரிப்டேஸ் பார்க்க.

பட்டையில் இருந்தது அசிக்ளோஃபெனாக் 100, பரசிற்றமோல் 325.

கணவர் அந்தச் சீரத்தை ஐஸ் பெட்டியில் வைத்து எங்களிடம் கொண்டுவந்தார், நாங்கள் வெளியே அனுப்பினோம். பதினொரு நாளில் முடிவு: 9.8. பக்கத்தில் வழமையான எல்லை 11.4 வரை என்று அச்சிட்டிருந்தது. கணவர் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அண்ணை, நோர்மல் எண்டு போட்டிருக்கு. அப்ப இது அலர்ஜி இல்லையோ?"

"பொறும் தம்பி, இன்னும் ஒருக்கா ரத்தம் எடுக்கவேணும்" என்றேன்.

இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் இந்தத் தாளை வாசிக்கிற பலர் இங்கேதான் பிழை விடுகிறார்கள். ட்ரிப்டேஸ் என்பது தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கிற மாஸ்ட் செல்களுக்குள் மூட்டை கட்டி வைத்திருக்கிற ஒரு நொதியம். பெரிய ஒவ்வாமைத் தாக்கத்தில் மூட்டை அவிழ்ந்து அது இரத்தத்தில் கொட்டுகிறது. அரை மணியிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் உச்சத்துக்கு வந்து, சில மணித்தியாலங்களில் இறங்கிவிடும். நான் மூன்று வாரம் கழித்து எடுத்த முதல் இரத்தத்தில் பார்த்திருந்தால் ஒன்றும் அகப்பட்டிருக்காது. அதோடு ஒவ்வொரு மனிதருக்கும் சாதாரண நாளில் இருக்கிற அளவு வேறு. ஒருவருக்கு 2, இன்னொருவருக்கு 8. எனவே 11.4 என்ற பொது எல்லையை மட்டும் பார்த்தால் போதாது, அந்த ஆளின் சொந்த அடிமட்டத்தோடு ஒப்பிட வேண்டும். எல்லாம் அடங்கி ஒரு நாளாவது போன பிறகு இன்னொரு இரத்தம் எடுத்து, அந்த அளவை 1.2-ஆல் பெருக்கி 2 கூட்டு. தாக்கத்தின்போது எடுத்தது அதற்கு மேல் நின்றால் மாஸ்ட் செல் மூட்டை அவிழ்ந்தது உண்மை.

மூன்று வாரத்துக்குப் பிறகு எடுத்தோம். 3.5. பெருக்கினால் 4.2, கூட்டினால் 6.2. அன்றைக்கு 9.8. "நோர்மல்" என்று அச்சிட்ட தாள் உண்மையில் சொன்னது, அன்று உடம்புக்குள் நடந்தது சும்மா பயமோ தலைச்சுற்றோ இல்லை, அனபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமைத் தாக்கம் என்று.

ஆனால் எதனால் என்று அது சொல்லாது. நண்டோ, குளவியோ, குளிசையோ, எதுவானாலும் மூட்டை அவிழ்ந்தால் ட்ரிப்டேஸ் ஏறும். ட்ரிப்டேஸ் ஏறவில்லை என்பதற்காக அனபிலாக்சிஸ் இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது. வீடு எரிந்ததா என்பதற்குப் பதில் இருக்கிறது, நெருப்பு வைத்தது யார் என்பதற்கு இல்லை.

கிளினிக் கொப்பி

நெருப்பு வைத்தவரை நாங்கள் ஒரு பழைய கிளினிக் கொப்பியில் கண்டுபிடித்தோம். ஒரு பின்னேரம் அவர் வீட்டுத் திண்ணையில் இருந்து, முதல் தாக்கத்துக்கும் இரண்டாம் தாக்கத்துக்கும் இடையில் வாயில் போட்ட ஒவ்வொரு குளிசையையும் எழுதினோம். அவர் சொல்ல, மகள் கொப்பி பார்க்க, நான் எழுத.

தை மாதம் காய்ச்சல். டெங்கு என்று பயந்து மூன்று நாள் பனடோல் (பரசிற்றமோல்), ஒரு தரத்துக்கு இரண்டு. ஒன்றும் செய்யவில்லை. ஆகவே இரண்டாம் குளிசையில் இருந்த பரசிற்றமோல் தப்பியது. அதே காய்ச்சலுக்குக் கொப்பியில் "புரூஃபன் கூடாது" (இபுப்ரோஃபென்தான்) என்று ஒரு வரி. "அது எனக்கு ஒவ்வாதெண்டு டொக்டர் எழுதினவர்" என்றார். இல்லை. டெங்கு சந்தேகம் இருந்தால் இரத்தக்கசிவு அபாயத்தால் எவருக்குமே இந்த வகைக் குளிசை கொடுப்பதில்லை, அதைத்தான் டொக்டர் எழுதியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் மழைக்காலம் முடிய இப்படி எத்தனை பேர் "புரூஃபன் அலர்ஜி" ஆகிறார்கள் என்று எண்ணினால் விரல் போதாது. வயிறு எரிந்தவர்களும் அதே பட்டியலில்தான் சேர்கிறார்கள்.

பிறகு வந்தது முக்கியமானது, மகளுக்கு முன்னால் சொல்லத் தயங்கித்தான் சொன்னார். மாசியிலும் சித்திரையிலும் மாதவிலக்கு வலிக்கு மெஃபனமிக் அசிட் 500 மில்லிகிராம் போட்டிருக்கிறார். இரண்டு தரமும் ஒன்றும் இல்லை.

எனக்கு அந்த நிமிடத்தில்தான் முழுப் படமும் விளங்கியது. ஏன் என்று சொல்ல ஒரு சுற்று சுற்ற வேண்டும்.

இந்தக் குளிசைகளுக்கு உடம்பு முரண்டு பிடிக்கும் விதம் இரண்டு. முதலாவது கூட்டமாக. 1922-இல் பிரான்சில் விடால் என்ற மருத்துவரும் பிறகு 1968-இல் அமெரிக்காவில் சாம்டரும் பியர்ஸும் விவரித்த ஆட்கள்: ஆஸ்துமா, மூக்குச் சதை, அஸ்பிரின் போட்டால் மூச்சுத் திணறல். இவர்களுக்கு அஸ்பிரின் மட்டுமில்லை, வேதியியலில் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இபுப்ரோஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் கூட ஆகாது. எப்படி என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 1971-இல் ஜோன் வேன் என்பவர் வலியிலும் வீக்கத்திலும் பங்குள்ள புரோஸ்டாகிளாண்டின் என்ற உடற்பொருளின் உற்பத்தியை அஸ்பிரின் மறிக்கிறது என்று காட்டினார், அதற்கு 1982-இல் நோபல் பரிசிலும் பங்கு கிடைத்தது. 1975-இல் போலந்தின் ஷெக்லிக் குழு அதையும் இதையும் முடிச்சுப் போட்டது. புரோஸ்டாகிளாண்டினை உண்டாக்குகிற கொக்ஸ்-1 என்ற நொதியத்தை எந்தக் குளிசை பலமாக மறிக்கிறதோ அந்தக் குளிசை இவர்களுக்கு ஆகாது. காவலுக்கு நின்ற புரோஸ்டாகிளாண்டின் குறைய, மூச்சுக்குழாயைச் சுருக்குகிற லூக்கோட்ரைன்கள் தலைகால் தெரியாமல் பெருகும். இங்கே ஐ.ஜி.ஈ-க்கு வேலையே இல்லை. இல்லாத ஒன்றை எந்த இரத்தச் சோதனை காட்டும்? வளர்ந்த ஆஸ்துமாக்காரரில் ஏறக்குறைய 7 வீதம், கடும் ஆஸ்துமாவில் 15 வீதம் வரை இந்த வகை. மூச்சுக்குப் பதிலாகத் தோலிலும் உதட்டிலும் மட்டும் காட்டுகிற கிளைகளும் இதற்கு உண்டு.

இரண்டாவது விதம் தனி ஆள் பகை. ஒரு குளிசையோடும் அதன் நெருங்கிய சொந்தங்களோடும் மட்டும். மற்றதெல்லாம் போடலாம். வருகிறபோது வேகமாக, கடுமையாக வரும், அனபிலாக்சிஸ் வரை போகும். அசிக்ளோஃபெனாக் டைக்ளோஃபெனாக்கின் ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி, உடம்புக்குள் ஒரு பகுதி டைக்ளோஃபெனாக்காகவே மாறவும் செய்கிறது. மெஃபனமிக் அசிட் கொக்ஸ்-1-ஐ மறிக்கிற குளிசை. கூட்டப் பகை என்றால் மாசியிலேயே ஆட்டம் தொடங்கியிருக்கும். ஆஸ்துமா இல்லை, மூக்குச் சதை இல்லை, நாட்பட்ட தடிப்பு இல்லை. எனவே சந்தேகம் முழுக்க இரண்டாவது விதத்தின் பக்கம் சாய்ந்தது. திண்ணையில் முக்கால் மணித்தியாலம், ஒரு பிளேன்டீ, செலவு பூச்சியம்.

சுவிஸ் அண்ணாவின் கேள்வி

இந்த நேரத்தில்தான் பேர்ணில் இருக்கிற தமையன் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார். "இஞ்சை இதுக்கெண்டு ஒரு ரத்தச் சோதினை இருக்காம். காசைப் பற்றி யோசிக்கவேண்டாம். கூரியரிலை ரத்தத்தை அனுப்பலாமோ எண்டு அந்த லாப் அண்ணையிட்டைக் கேள்."

அவர் கேட்டதில் பிழையில்லை. அப்படியான சோதனை உண்டு, அதன் ஒரு வடிவம் பிறந்ததே சுவிட்சர்லாந்தில்தான்; பேர்ணைச் சேர்ந்த டி வெக் என்ற நோயெதிர்ப்பியலாளரின் பெயரோடு 1990களில் பிரபலமானது. வெள்ளையணுக்களில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாத பேசோபில் என்ற செல்தான் கதாநாயகன். மாஸ்ட் செல்லுக்கு இரத்தத்தில் ஓடித் திரிகிற உறவு என்று வையுங்கள். நோயாளியின் உயிருள்ள பேசோபில்களைக் குழாயில் வைத்து, சந்தேகப்படுகிற மருந்தைக் கலந்து, அவை சினக்கின்றனவா என்று பார்ப்பது. சினந்தால் லூக்கோட்ரைன் வெளியே வரும், அதை அளக்கலாம். இது டி வெக் வழி. அல்லது செல்லின் மேற்பரப்பில் சி.டி.63 என்ற அடையாளம் வெளியே தலைகாட்டும், அதை ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற செல் எண்ணும் இயந்திரத்தில் எண்ணலாம். இப்போது கூடுதலாகச் செய்வது இதை.

கேட்க ஆசையாக இருக்கிறது. ஆளுக்கு ஆபத்து இல்லாமல் குழாய்க்குள்ளேயே தீர்ப்பு. எனக்கும் ஒரு காலம் இதில் மயக்கம் இருந்தது. ஆனால் இந்தக் குளிசைகள் விடயத்தில் அது பல இடத்தில் நொண்டுகிறது. கூட்டப் பகைக்காரரின் பேசோபில்கள் ஐ.ஜி.ஈ வழியாகச் சினப்பதில்லை, எனவே முடிவு ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் ஆடுகிறது. மருந்தின் செறிவைக் கூட்டினால் ஒரு குறையும் இல்லாதவரின் செல்களும் சினந்துவிடும், பிறகு யார் நோயாளி, யார் நல்லவர் என்று பிரிக்க முடியாது. பத்தில் ஒருவர் வரையில் செல்கள் ஐ.ஜி.ஈ வழியான தூண்டலுக்கு அசையாத பிறவி, அவர்களில் சோதனை பயன்படாது. தாக்கம் நடந்து மாதங்கள் போகப் போக நேர்முடிவு வரும் வாய்ப்பும் தேய்கிறது. தனி ஆள் பகையில், அதுவும் மெட்டமிசோல் என்ற இன்னொரு வலிமருந்து வகையில், ஓரளவு உதவியிருக்கிறது, அது உண்மை. நேர்முடிவு வந்தால் கொஞ்சம் நம்பலாம். எதிர்முடிவு வந்தால்? "இவருக்கு இது ஆகும்" என்று அதை வைத்து யாராவது குளிசை கொடுத்தால் நான் அந்த அறையில் நிற்க மாட்டேன்.

கூரியர் விடயம் இன்னும் எளிது. ட்ரிப்டேஸை உறைய வைத்து அனுப்பலாம், அது ஒரு புரதம், பொறுத்துக்கொள்ளும். பேசோபில் சாகும். எடுத்து ஒரு நாளுக்குள் செய்துவிட வேண்டிய சோதனைக்கு மானிப்பாயில் எடுத்த இரத்தம் கொழும்பு போய், விமானம் ஏறி, சுங்கம் தாண்டிப் பேர்ண் போய்ச் சேரும்போது குழாய்க்குள் இருப்பது பிரேதம். தமையனுக்கு இதையே குரலில் அனுப்பினேன், கொஞ்சம் மரியாதையாக.

லிம்போசைட் வளர்ச்சிச் சோதனை என்று இன்னொன்றை யாரோ சொல்லியிருந்தார்கள். அது நாட்கள் கழித்து வருகிற தோல் வெடிப்புகளுக்கு, இருபது நிமிடத்தில் சாய்ந்த ஆளுக்கு இல்லை. சிறுநீரில் லூக்கோட்ரைன் ஈ4 பார்ப்பது மூச்சு வகைக்காரருக்கு ஒரு துப்பு. இவருக்குத் தேவை இல்லை.

அஸ்பிரின் நாள்

கடைசியில் கொழும்பில் ஓர் ஒவ்வாமை நிபுணரிடம் போனார்கள். நான் எழுதிய குளிசைப் பட்டியலும், இரண்டு ட்ரிப்டேஸ் தாளும், அந்த வெற்றுப் பட்டையும் கூடவே போயின. என் பழைய தடித்த எழுத்துத் தாளையும் அனுப்பினேன், வெட்கத்தோடுதான்.

நிபுணர் டைக்ளோஃபெனாக்கைத் திரும்பக் கொடுத்துப் பார்க்கவில்லை. இரண்டு தரம் சரிந்த ஆளுக்கு அதே நஞ்சை மூன்றாம் தரம் கொடுப்பதில் அர்த்தம் இல்லை. கொடுத்தது அஸ்பிரின். கொக்ஸ்-1-ஐ நன்றாக மறிக்கிற குளிசை, வேதியியலில் டைக்ளோஃபெனாக்கின் சொந்தம் இல்லை. இது உள்ளே போய் ஒன்றும் நடக்காவிட்டால் கூட்டப் பகை இல்லை என்பது உறுதி. சில நாளுக்கு முன்பே ஒவ்வாமைக் குளிசைகளை நிறுத்தி, கையில் ஊசிக்குழாய் ஏற்றி, பக்கத்தில் அட்ரினலின் வைத்து, சிறிய அளவில் தொடங்கி இடைவெளி விட்டுக் கூட்டி, மொத்தம் 500 மில்லிகிராம் வரை. ஒரு முழு நாள். பின்னேரம் வரை ஆள் வீரகேசரி வாசித்துக்கொண்டிருந்தாராம். ஒரு தடிப்பும் இல்லை.

(இதை வீட்டில் செய்து பார்க்க நினைக்கிறவர் யாராவது இதை வாசித்தால்: வேண்டாம். அட்ரினலினும் அதைப் போடத் தெரிந்த கையும் பக்கத்தில் இருப்பதுதான் அந்தச் சோதனையின் பாதி.)

கூட்டப் பகை என்று வந்திருந்தால் வழி வேறு. செலிகொக்சிப், எட்டோரிகொக்சிப் மாதிரி, கொக்ஸ்-1-இன் சகோதர நொதியமான கொக்ஸ்-2-ஐ மட்டும் குறிவைக்கிறவற்றை அதே கண்காணிப்போடு கொடுத்துப் பார்த்திருப்பார்கள், பெரும்பாலானவர்களுக்கு அவை ஒத்துக்கொள்ளும். இவருக்கு அந்தத் தேவை வரவில்லை. நிபுணருடைய கடிதம் சுருக்கம். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் எந்த வடிவத்திலும் கூடாது. குளிசை, ஊசி, பின்வழி மருந்து, பூசுகிற ஜெல், கண்ணில் விடுகிற துளி உட்பட. பரசிற்றமோல், மெஃபனமிக் அசிட், அஸ்பிரின், இபுப்ரோஃபென் பாவிக்கலாம். பின்வழி மருந்தை அவர் தனியாக எழுதியது நல்ல வேலை. சத்திரசிகிச்சை முடிந்த மயக்கத்தில் வலிக்கு வைப்பது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக்தான், நோயாளி வாய் திறந்து சொல்லக்கூடிய நேரம் இல்லை அது.

நண்டின் பெயர் முழுதாகத் துடைக்கப்படவில்லை. இறாலையும் நண்டையும் அங்கேயே, கண்காணிப்பில் சாப்பிட வைத்தார்கள், ஒன்றும் இல்லை, ஒன்பது மாத விரதம் கொழும்பில் முடிந்தது. ஆனால் இந்த வகைக் குளிசைகளுக்கு இன்னொரு குணம் உண்டு. உணவுக்கு லேசான ஐ.ஜி.ஈ இருந்து, தனியே சாப்பிட்டால் ஒன்றும் செய்யாத ஆளுக்கு, அந்த உணவோடு அஸ்பிரின் மாதிரி ஒன்று சேர்ந்தால் குடல் சுவர் தளர்ந்து உணவுப் புரதம் கூடுதலாக உள்ளே போய் முழுத் தாக்கம் வரலாம். முதல் நாள் கூழும் குளிசையும் சேர்ந்துதான் அவ்வளவு கடுமை வந்ததா? நல்லூர் நாளில் நண்டு இல்லாமலே வந்ததால் முதற்குற்றவாளி குளிசை என்பதில் சந்தேகம் இல்லை, ஆனால் நண்டு கைகொடுத்ததா என்பதை எவரும் சேர்த்துக் கொடுத்துச் சோதிக்கவில்லை, சோதிக்கவும் மாட்டார்கள். நிபுணர் சொன்னது, கூழ் குடிக்கிற நாளில் எந்த வலிக்குளிசையும் போடாதே, அவ்வளவுதான்.

நான் என் பக்கத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். ஒவ்வாமைச் சோதனைக்கு இரத்தம் தர வருகிறவரிடம் நிரப்பச் சொல்கிற தாளில் இரண்டு கேள்வியைச் சேர்த்தேன்: கடைசியாக என்ன குளிசை போட்டீர்கள், எத்தனை மணிக்கு. போன கிழமை ஒரு பொடியன் தாயோடு வந்தான், மூன்று மாதத்துக்கு முன் உதடு வீங்கினதாம், "வலிக்குளிசை அலர்ஜிக்கு ரத்தம் பார்க்க" வந்தார்களாம். இரத்தம் எடுக்கவில்லை. என்ன குளிசை என்று கேட்டேன். தெரியாது, மஞ்சள் நிறம் என்றான். பட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போங்கள் என்று அனுப்பிவிட்டேன். முதலாளிக்கு என் மேல் கொஞ்சம் கோபம்.